முகாம் முடிந்த பிறகு யார்? தீவு நாடுகளுக்கான அறுவைச் சிகிச்சை உதவியும் மைசூரு தரும் பாடமும்

மைசூரு: பசிபிக் பெருங்கடலில் உள்ள சிறு தீவு நாடுகளுக்கு மருத்துவமனை, டயாலிசிஸ் பிரிவுகள், கடல் ஆம்புலன்ஸ்கள், செயற்கைக்கால் முகாம்கள் ஆகியவற்றை வழங்க இந்தியா உறுதியளித்துள்ளது. இந்த உதவிகளைப் பெறும் மக்கள் பல லட்சம் பேர். ஆனால், கருவிகளும் கட்டடங்களும் சென்று சேர்ந்த பிறகு அவற்றைக் கையாளும் உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும் உருவாவார்களா என்ற கேள்விக்கான விடையே இத்திட்டங்களின் வெற்றியைத் தீர்மானிக்கும்.

இக்கேள்வி புதியதன்று. வெளியூர் மருத்துவர்கள் ஒரு வாரம் வந்து அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுத் திரும்பும் தன்னார்வ முகாம்கள் உலகெங்கும் அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகின்றன. அவற்றின் பலனும் எல்லையும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. தீவுகளிலிருந்து வெகு தொலைவில், கடலே இல்லாத மைசூரு பகுதியின் மருத்துவ அனுபவமும் இந்த விவாதத்துக்குப் பயன்படும் சில பாடங்களை வைத்திருக்கிறது.

அறிவிக்கப்பட்டவை என்ன?

பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் 2023-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி இந்தியா - பசிபிக் தீவுகள் ஒத்துழைப்பு அமைப்பின் மூன்றாவது உச்சி மாநாடு நடைபெற்றது. அதில் பிரதமர் நரேந்திர மோடி 12 அம்சத் திட்டத்தை அறிவித்தார். பிஜியில் இதய நோய்க்கான உயர் சிறப்பு மருத்துவமனை, 14 பசிபிக் தீவு நாடுகளிலும் டயாலிசிஸ் பிரிவுகள், கடல் ஆம்புலன்ஸ்கள், மலிவு விலை மக்கள் மருந்தகங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றன. பப்புவா நியூ கினியில் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் முகாம் நடத்தப்படும் என்றும், அதன் பின்னர் ஆண்டுக்கு இரண்டு முகாம்கள் பிற தீவு நாடுகளில் நடத்தப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 1,000 பயிற்சி இடங்கள் வழங்கும் உதவித்தொகைத் திட்டமும் அதே மாநாட்டில் அறிவிக்கப்பட்டது.

பிஜி பிரதமர் சிதிவேனி ரபுகா 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புது தில்லி வந்தபோது, தலைநகர் சுவாவில் 100 படுக்கைகள் கொண்ட உயர் சிறப்பு மருத்துவமனை அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பிஜிக்கான டயாலிசிஸ் பிரிவுகள், கடல் ஆம்புலன்ஸ்கள், செயற்கைக்கால் முகாம் ஆகியவையும் அப்போது மீண்டும் உறுதிசெய்யப்பட்டன.

அரசு உதவிக்கு முன்பே தன்னார்வ முயற்சி ஒன்று அங்கு வேரூன்றியுள்ளது. சுவாவில் அமைந்துள்ள ஸ்ரீ சத்ய சாய் சஞ்சீவனி குழந்தைகள் மருத்துவமனை 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமின்றி அறுவைச் சிகிச்சை அளிப்பது அதன் நோக்கம். இந்தியாவில் ராய்ப்பூர், பல்வல், நவி மும்பையின் கார்கர் ஆகிய இடங்களில் இயங்கும் சஞ்சீவனி மருத்துவமனைகளின் முன்மாதிரியே கடல் கடந்து சென்றுள்ளது.

சிறிய நாட்டின் பெரிய கணக்கு

தீவு நாடுகளின் சிக்கலைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று போதும். உலகளாவிய அறுவைச் சிகிச்சை குறித்த லான்செட் ஆணையம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, ஒரு லட்சம் மக்களுக்கு அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து, மகப்பேறு ஆகிய மூன்று துறைகளிலும் சேர்த்துக் குறைந்தது 20 வல்லுநர்கள் தேவை என்று வரையறுத்தது. துவாலு நாட்டின் மக்கள்தொகை சுமார் 11,000. மேற்கண்ட அளவுகோலின்படி அந்நாட்டுக்குத் தேவைப்படுவோர் இருவர் மட்டுமே.

ஆனால், மூன்று துறைகளை இருவரால் கவனிக்க இயலாது. ஒருவர் விடுப்பில் சென்றாலோ, மேற்பயிற்சிக்காக வெளிநாடு சென்றாலோ, அறுவை அரங்கின் கதவு மூடப்படும். பெரிய நாடுகளுக்காக வகுக்கப்பட்ட விகிதங்கள் சிறிய நாடுகளுக்குப் பொருந்தாமல் போவது இங்குதான்.

திறமையைத் தக்கவைப்பதும் சிக்கலே. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் சுமார் எட்டு முதல் பத்துப் பேருக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் கோளாறு இருக்கும் என்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. அவர்கள் அனைவருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளே பிறக்கும் ஒரு தீவில் குழந்தைகள் இதய அறுவை வல்லுநர் ஒருவரைப் பணியமர்த்தினால், ஆண்டின் பெரும்பகுதி அவருக்கு வேலை இராது. கை பழக்கத்தை இழக்கும். அடுத்த குழந்தைக்கு ஆபத்து கூடும்.

எனவே, அரிதான, சிக்கலான அறுவைச் சிகிச்சைகளுக்கு வெளியிலிருந்து குழு வருவதோ, நோயாளி வெளியே செல்வதோ தவிர்க்க முடியாதது. துவாலு நோயாளிகள் பிஜிக்கு அனுப்பப்படுவது நீண்டகால நடைமுறை. ஆனால், சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அவசர அறுவை, வெளியே தெரியும்படி எலும்பு முறிந்த காயத்துக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் அவ்வாறு காத்திருக்க முடியாதவை. இம்மூன்றும் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது லான்செட் ஆணையத்தின் பரிந்துரை. குழந்தை குறுக்கே கிடக்கும் பிரசவத்துக்கு அடுத்த மாத முகாம் உதவாது.

உலகில் சுமார் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சை எட்டாத நிலையில் இருப்பதாகவும், ஆண்டுக்கு 14.3 கோடி அறுவைச் சிகிச்சைகள் கூடுதலாகத் தேவைப்படுவதாகவும் அதே ஆணையம் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய இடைவெளியைத் தன்னார்வலர்களின் விடுமுறை நாட்களைக் கொண்டு நிரப்ப இயலாது என்பது வெளிப்படை.

ஒரு மணி நேர அறுவை, பல ஆண்டுப் பேச்சு

தன்னார்வ அறுவைச் சிகிச்சை என்றதும் பலரது நினைவுக்கு வருவது உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு சிகிச்சை முகாம்கள். உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒருவர் இக்குறையுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1969-இல் தொடங்கப்பட்ட இன்டர்பிளாஸ்ட், 1982-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்ற மருத்துவப் பயணத்திலிருந்து பிறந்த ஆபரேஷன் ஸ்மைல் ஆகிய அமைப்புகள் இத்தகைய பயணங்களுக்கு வடிவம் கொடுத்தன. இவற்றால் பயனடைந்த குழந்தைகள் ஏராளம். அதில் ஐயமில்லை.

இருப்பினும், பிளவு என்பது ஒரே அறுவையில் முடியும் குறையன்று. உதட்டைப் பிறந்த சில மாதங்களிலும், அண்ணத்தை ஏறத்தாழ ஒரு வயதையொட்டியும் சரிசெய்கின்றனர். அண்ணத்தில் போட்ட தையல் சில குழந்தைகளுக்கு ஒட்டாமல் துளை விழும். மறு அறுவை வேண்டும். பல் முளைக்கும் பருவத்தில் ஈறு எலும்பைச் சீராக்க வேண்டியிருக்கும். காதில் நீர் கோத்துச் செவித்திறன் குறையலாம். இவை அனைத்துக்கும் இடையே, அண்ணம் மூடப்பட்ட பிறகும் மூக்கு வழியே காற்று கசியும் பேச்சைத் திருத்தப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும்.

இந்த இடத்தில்தான் மைசூருவின் பெயர் முக்கியத்துவம் பெறுகிறது. மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்நிறுவனம் பேச்சு, செவித்திறன் துறைகளில் நாட்டின் முன்னோடிப் பயிற்சி மையமாகும். முகம், வாய் ஆகியவற்றின் அமைப்புக் குறைபாடுகளுக்கெனத் தனிப் பிரிவும் இங்கு உண்டு. அறுவைச் சிகிச்சை வல்லுநர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே குழந்தையைச் சேர்ந்து மதிப்பிடும் முறையே அதன் அடிப்படை.

அறுவைக்குப் பின் முகம் சீரான குழந்தை, வகுப்பறையில் தன் பெயரைச் சொல்லும்போது பிறருக்குப் புரிய வேண்டும். அப்போதுதான் சிகிச்சை முழுமை பெறும். அந்தப் பணியை விமானத்தில் வந்து செல்லும் குழு செய்ய முடியாது. குழந்தையின் தாய்மொழியைப் பேசும் ஒருவர் அதே ஊரில் இருக்க வேண்டும். பிஜி மொழியிலோ, கிரிபாட்டி மொழியிலோ பேச்சுப் பயிற்சி அளிக்க அம்மண்ணைச் சேர்ந்தவர்களே வேண்டும். தீவு நாடுகளுக்கான பயிற்சி இடங்களில் எத்தனை இத்துறைக்கு ஒதுக்கப்படும் என்பது, எத்தனை முகாம்கள் நடத்தப்படும் என்பதற்கு நிகரான கேள்வியாகும்.

பிளவு சிகிச்சை உலகம் இந்த உண்மையை முன்பே உணர்ந்தது. 1999-இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெயின் அமைப்பு, வெளிநாட்டுக் குழுக்களை அனுப்புவதற்குப் பதிலாக, அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் உள்ளூர் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைச் செலவும் வழங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டு முழுவதும் சிகிச்சை நடைபெறவும், சிக்கல் எழுந்தால் அதே மருத்துவரிடம் திரும்பிச் செல்லவும் இம்முறை வழிசெய்தது. இந்திய மருத்துவமனைகள் பலவும் அதில் பங்கேற்றன.

காட்டுக்குள் இருந்த தீவுகள்

தொலைதூரம் என்பது கடலால் மட்டும் ஏற்படுவதில்லை. மைசூருவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹெக்கடதேவனகோட்டே வட்டாரத்தின் காட்டோரக் குடியிருப்புகள், 1980-களில் மருத்துவ வசதியைப் பொறுத்தவரை தீவுகளாகவே இருந்தன. கபினி அணையாலும், பந்திப்பூர், நாகரஹொளே வனப் பகுதிகளின் பாதுகாப்பு நடவடிக்கைகளாலும் இடம்பெயர்ந்த ஜேனு குருபர், காடு குருபர் உள்ளிட்ட பழங்குடியினர் அங்கு வாழ்ந்தனர்.

மைசூரு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஆர்.பாலசுப்பிரமணியம், சக மாணவர்களுடன் சேர்ந்து 1984-இல் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர்களது பணியும் பிற மாணவர்கள் செய்வதைப் போன்றதே: ஏழை நோயாளிகளுக்கு மருந்து சேகரித்துக் கொடுப்பது, கிராமங்களுக்குச் சென்று முகாம் நடத்துவது. சில ஆண்டுகளில் அவர்கள் நகரிலிருந்து சென்று வருவதை விட்டுவிட்டு, காட்டோரத்திலேயே குடியேறிப் பணியாற்ற முடிவெடுத்தனர்.

கெஞ்சனஹள்ளியில் சிறிய மருத்துவமனை, பின்னர் சரகூருவில் பல்துறை மருத்துவமனை, பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளி என அப்பணி விரிந்தது. இயக்கத்தின் நிறுவனர் பாலசுப்பிரமணியம் 2021-இல் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். காட்டோரத்தில் மருத்துவராகத் தொடங்கியவர் அரசு ஊழியர்களின் பயிற்சியைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

இந்த அனுபவம் தீவு நாடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கூற முடியாது. ஹெக்கடதேவனகோட்டேயில் கைமீறிய நோயாளியை மைசூருவின் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்குச் சாலை வழியே கொண்டுசெல்லலாம். நடுக்கடல் தீவில் அந்த வாய்ப்பு இல்லை. ஆனால், முகாமுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டுகிறது. முகாமுக்கு வரும் நோயாளி அந்த நாளில் நோயுற்றிருக்க வேண்டும். மருத்துவமனை அவர் நோயுறும் நாள்வரை காத்திருக்கும்.

தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய்

வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கிய வரலாறு தமிழர்களுக்கும் அந்நியமன்று. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை மையமாகக் கொண்டு அவர் சிகிச்சை அளித்ததோடு, இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு உள்ளிட்ட துறை நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்று மருத்துவர்களானோர் 60-க்கும் மேற்பட்டோர். 1873-இல் அவர் நாடு திரும்பியபோது, அவர் கற்பித்த மருத்துவம் தமிழ் பேசும் கைகளில் இருந்தது.

பயிற்றுமொழி மாற்றத்துக்குப் பின்னணியில் நடைமுறைக் காரணம் ஒன்றும் சொல்லப்படுவதுண்டு. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் கிராமங்களை விட்டு அரசுப் பணிக்கும் நகரங்களுக்கும் சென்றுவிடும் போக்கு இருந்தது. தமிழில் பயின்றவர்கள் ஊரிலேயே தங்குவர் என்பது எதிர்பார்ப்பு. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தீவு நாடுகள் அதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றன.

பிஜியின் வரலாறும் இதனுடன் இணைகிறது. அதில் இந்தியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1879-இல் பிஜி சென்ற முதல் கப்பலான லியோனிடாஸில் காலராவும் பெரியம்மையும் பரவியிருந்தன. கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1875-இல், தட்டம்மை அத்தீவுகளின் மக்களில் பெரும் எண்ணிக்கையினரைப் பலிகொண்டிருந்தது. இத்தகைய அச்சத்தின் பின்னணியில், தீவு மக்களையே அம்மை குத்துவோராகவும் மருத்துவ உதவியாளர்களாகவும் பயிற்றுவிக்க 1885-இல் சுவாவில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது.

அப்பள்ளி 1928 முதல் பிற பசிபிக் தீவுகளின் மாணவர்களுக்கும் பொதுவான மையமாயிற்று. இன்று அது பிஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கம். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பிஜி சென்றனர் என்பதால், அந்நாட்டின் மருத்துவ நலனில் தமிழர் வழித்தோன்றல்களின் நலனும் அடங்கியுள்ளது. புதிய உயர் சிறப்பு மருத்துவமனை இந்தப் பழைய பயிற்சி மரபுடன் இணைக்கப்படுமா, அல்லது தனித்து நிற்கும் கட்டடமாக இருக்குமா என்பது கவனிக்கத்தக்கது.

கால் இழப்பதும் சிறுநீரகம் இழப்பதும்

இந்தியா அறிவித்துள்ள உதவிகளில் செயற்கைக்கால் முகாமும் டயாலிசிஸ் பிரிவும் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பது ஒரு பொதுக் காரணத்தைச் சுட்டுகிறது. பசிபிக் தீவு நாடுகளில் நீரிழிவு நோயின் பரவல் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. காலில் ஆறாத புண், அதன் விளைவாகக் கால் அகற்றம், மறுபுறம் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அந்நோயின் இறுதிக் கட்டங்கள்.

ஜெய்ப்பூர் செயற்கைக்கால் இதற்குப் பொருத்தமான உதவியே. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி.கே.சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய அந்தக் கால், வெறுங்காலுடன் நடக்கவும், சப்பணமிட்டு அமரவும், சேற்றில் இறங்கவும் உதவும். 1975-இல் டி.ஆர்.மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாகப் பொருத்தி வருகிறது. குறைந்த விலையில், எளிய கருவிகளைக் கொண்டு உள்ளூர்க் கைவினைஞரே செய்ய முடிவது அதன் தனிச்சிறப்பு.

ஆனால், செயற்கைக்கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்; வெட்டிய காலின் அளவு மாறும்போது குழியும் மாற்றப்பட வேண்டும். முகாம் நடக்கும் இடத்தில் இரண்டு மூன்று உள்ளூர் இளைஞர்களுக்கு இத்தொழில் கற்பிக்கப்பட்டு, சிறு பட்டறை ஒன்று விட்டுச்செல்லப்பட்டால், இரண்டாவது கால் கிடைக்க நோயாளி அடுத்த முகாமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

டயாலிசிஸ் அதைவிடக் கடுமையான பொறுப்பு. நோயாளிக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் அது தேவை. சுத்திகரிக்கப்பட்ட நீர், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற செவிலியர், கருவியைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் கருவி நின்றுவிடும். நல்ல நீரே அரிதான பவளத் தீவுகளில், உப்புக் காற்று இயந்திரங்களை அரிக்கும் சூழலில், கருவியை அனுப்புவது திட்டத்தின் முதல் படி மட்டுமே. காலில் புண் வரும் முன்பே கண்டறியும் செவிலியர் ஒருவரைப் பயிற்றுவிக்கும் செலவு இவை அனைத்தையும்விடக் குறைவு.

தன்னார்வலர் எங்கே தேவைப்படுகிறார்?

பயிற்சியே முக்கியம் என்றால் தன்னார்வ மருத்துவர்கள் தேவையில்லை என்று பொருளாகாது. அவர்களது பணியின் இடம்தான் மாறுகிறது.

முதலாவதாக, தீவில் தனியாகப் பணியாற்றும் அறுவை மருத்துவர் ஓய்வோ, மேற்பயிற்சியோ பெற வேண்டுமானால், அவரது இடத்தில் சில வாரங்கள் ஒருவர் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் ஆற்றக்கூடிய பயன்மிக்க பணிகளுள் இதுவும் ஒன்று. புகைப்படத்துக்கு ஏற்ற நிகழ்வு இதில் இல்லை. ஆனால், அந்த மருத்துவர் பணியை விட்டு விலகாமல் இருக்க இது உதவும்.

இரண்டாவதாக, வருகை தரும் குழு அறுவை செய்யும்போது உள்ளூர் மருத்துவர் அருகில் நிற்பவராக மட்டுமின்றி, படிப்படியாக அறுவையை மேற்கொள்பவராக வேண்டும். முதல் ஆண்டில் உதவியாளர், அடுத்த ஆண்டில் மேற்பார்வையின் கீழ் அறுவை செய்பவர், பின்னர் தனித்துச் செயல்படுபவர் என்ற வரிசை இருந்தால்தான் குழுவின் வருகை ஒருநாள் தேவையற்றதாகும்.

கண் மருத்துவத்தில் இம்முறை பலன் தந்துள்ளது. நியூசிலாந்தில் பிறந்த கண் மருத்துவர் பிரெட் ஹாலோஸின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையின் ஆதரவுடன் 2006-இல் சுவாவில் பசிபிக் கண் நிறுவனம் தொடங்கப்பட்டது. பல தீவு நாடுகளின் மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கு பயின்று தத்தம் நாடுகளில் பணியாற்றுகின்றனர். தமிழகத்தில், மருத்துவர் ஜி.வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிற நாட்டு மருத்துவமனைகளுக்குப் பயிற்சி அளிக்கத் தனி நிறுவனமே அமைத்துள்ளது. அறுவை செய்யும் கையோடு, நோயாளியைத் தயார்செய்யும் செவிலியர் முதல் கணக்கு எழுதுபவர் வரை முழுக் குழுவையும் பயிற்றுவிப்பது அதன் வழிமுறை.

மூன்றாவதாக, தீவு மாணவர்கள் இந்தியா வருவது மட்டுமே வழியன்று. கல்வி நிறுவனமே தீவுக்குச் செல்லலாம். மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே.எஸ்.எஸ். உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் மொரீஷியஸிலும் வளாகம் அமைத்து, மருந்தியல் உள்ளிட்ட துறைகளில் கல்வி வழங்குகிறது. பெற்றோருடன் வீட்டில் இருந்தபடியே பட்டம் பெறும் மாணவர் அங்கேயே பணியில் சேர வாய்ப்பு அதிகம்.

பயிற்சி பெற்றவர் வெளியேறினால்?

பயிற்சிக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குச் சென்றுவிடுகின்றனர். பிஜி இந்த இழப்பைப் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறது. அவ்வாறெனில், பயிற்சிக்குச் செலவிடும் பணத்தில் முகாம்களை நடத்தினால் நேரடிப் பலனாவது கிடைக்குமே என்பது அவ்வாதம்.

இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், வெளியேறுவோர் ஊதியத்துக்காக மட்டுமே வெளியேறுவதில்லை. ஆண்டில் 365 நாளும் அழைப்புக்குக் காத்திருப்பது, மருந்தும் கருவியும் இல்லாத அரங்கில் நோயாளியை இழப்பது, ஐயம் எழுந்தால் கலந்தாலோசிக்க மூத்தவர் இல்லாமை ஆகியவையும் அவர்களை விரட்டுகின்றன. இவற்றில் பலவற்றை உதவி வழங்கும் நாட்டால் குறைக்க முடியும். மாற்று மருத்துவரை அனுப்பலாம். தொலைமருத்துவ இணைப்பு வழியே ஆலோசனை வழங்கலாம். கருவியுடன் அதைப் பழுதுபார்க்கும் பயிற்சியையும் சேர்த்து அளிக்கலாம்.

எல்லாச் சிகிச்சையையும் எல்லாத் தீவுகளிலும் அளிக்க இயலாது என்பதையும் ஏற்க வேண்டும். அவசர அறுவைகள் ஒவ்வொரு நாட்டிலும், சிக்கலான இதய அறுவைகள் சுவா போன்ற ஒரு பொது மையத்திலும் நடைபெறுவதே பொருத்தம். அப்படியானால் சுவா மருத்துவமனை பிஜியின் ஒன்பது லட்சம் மக்களுக்கு மட்டுமன்றி, பிற தீவுகளின் நோயாளிகளுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும்.

அண்டை நாடான மாலத்தீவு இதற்கு முன்னுதாரணம். சுமார் 1,200 தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் தலைநகர் மாலேயில், இந்தியாவின் உதவியுடன் கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை 1995-இல் திறக்கப்பட்டது. இன்றும் அது அந்நாட்டின் முதன்மை மருத்துவமனைகளுள் ஒன்று. அதே வேளையில், வெளிநாட்டு மருத்துவர்களைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து மாலத்தீவு இன்னும் முழுமையாக விடுபடவில்லை. கட்டடம் ஓரிரு ஆண்டுகளில் எழுந்துவிடும். மருத்துவ வல்லுநர் ஒருவர் உருவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும்.

கவனிக்க வேண்டியவை

பசிபிக் நாடுகளுடனான உடன்பாடுகள் நடைமுறைக்கு வரும்போது, படுக்கைகளின் எண்ணிக்கையும் முகாம்களில் பயனடைந்தோர் எண்ணிக்கையும் செய்திகளில் இடம்பெறும். அவற்றுடன் வேறு சில எண்களையும் கேட்டுப் பெறுவது அவசியம். எத்தனை உள்ளூர் மயக்க மருந்து வல்லுநர்கள் பயிற்சியில் உள்ளனர்? அறுவைக்குப் பின் ஓராண்டு கழித்து எத்தனை நோயாளிகள் பரிசோதிக்கப்பட்டனர்? வழங்கப்பட்ட கருவிகளில் எத்தனை மூன்றாம் ஆண்டிலும் இயங்குகின்றன? 1,000 பயிற்சி இடங்களில் மருத்துவத் துறைக்குக் கிடைத்தவை எத்தனை?

இந்திய நகரங்களிலிருந்து தன்னார்வப் பயணம் புறப்படும் மருத்துவர்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். மைசூருவின் மருத்துவ மாணவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு காட்டோர முகாம்களில் கண்டுகொண்டது இதுவே: நோயாளிக்குத் தேவைப்படுவது மருத்துவர் வரும் நாளன்று, தான் நோயுறும் நாளில் கதவு திறந்திருக்கும் ஓர் இடம். கடல் சூழ்ந்த தீவுகளின் தேவையும் அதிலிருந்து வேறுபட்டதன்று.